இரண்டரைச் சதுர மீட்டர் தோட்டம்

உங்கள் வீட்டு வாசற்கதவைக் கழற்றித் தரையில் படுக்க வைத்ததாகக் கற்பனை செய்து பாருங்கள். அதைவிடச் சற்றே பெரிய இடம், அதாவது 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பாத்தி, சிங்கப்பூரில் ஒருவருக்குத் தோட்டம் போடக் கிடைக்கிறது. அதற்கும் குலுக்கலில் பெயர் வர வேண்டும்!

ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவில் சுமார் 60 இலட்சம் பேர் வாழ்கிறோம். வீடுகள், சாலைகள், பள்ளிகள், நீர்த்தேக்கங்கள், விமான நிலையம் எல்லாமே இதற்குள்தான் அடங்க வேண்டும். மரம் நடும் இயக்கம் 1963ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆனால், சாலையோர மரம் பார்ப்பதற்கும் நிழலுக்கும் உரியது. மண்ணில் கைவைத்துக் கத்தரியோ வெண்டையோ வளர்க்க விரும்பும் அடுக்குமாடிவாசி எங்கே போவார்? தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டில் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. குடியிருப்பாளர்கள் குழுவாகச் சேர்ந்து தங்கள் பேட்டையில் தோட்டம் அமைத்தார்கள். தனியாக ஒரு பாத்தி வேண்டும் என்போருக்காக, 2016ஆம் ஆண்டில் ஹார்ட்பார்க்கில் ஒதுக்கீட்டுத் தோட்டம் சோதனை முறையில் தொடங்கப்பட்டது. இன்று பல பூங்காக்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திகள் உள்ளன.

காலியாக இருக்கும் புல்தரையில் பாத்தி போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. முதல் சிக்கல் வெயில். நம் தீவு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பரில் தெற்கே சாய்ந்திருக்கும். 40 மீட்டர் உயரமுள்ள ஒரு கட்டடத்தின் தெற்குப் பக்கத்தில், ஜூன் மாத நண்பகலில் ஏறத்தாழ 16 மீட்டர் தூரத்துக்கு நிழல் விழும். டிசம்பரில் அதே இடத்தில் வெயில் கொளுத்தும். ஆகவே, ஒரே ஒருநாள் பார்த்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுத்தால், அரையாண்டுக்குப் பிறகு மிளகாய்ச் செடி பூக்காமல் நிற்கும். அடுத்தது மண். கட்டுமான வேலை நடந்த நிலம் இறுகிக் கிடக்கும். மழை பெய்தால் தண்ணீர் கீழே இறங்காது. அதனால்தான் பாத்தியைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, நல்ல மண்ணை நிரப்புகிறார்கள். மூட்டு வலியுள்ள தாத்தா பாட்டிகளுக்கும் இது வசதி. தண்ணீர்க் குழாயும் அருகில் இருக்க வேண்டும். வாளி சுமந்து யார்தான் தினமும் நடப்பார்கள்?

செடிகளைவிட மனிதர்களை ஒழுங்குபடுத்துவதுதான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. சமூகத் தோட்டத்தில் மாதக்கணக்கில் காத்து வளர்த்த பப்பாளியை, வழிப்போக்கர் ஒருவர் பறித்துச் சென்றால் மனம் வலிக்காதா? வேலி போட்டுப் பூட்டினால் பழம் தப்பும். ஆனால், “இது பொது நிலம், எங்களை ஏன் தடுக்கிறீர்கள்?” என்று அண்டை வீட்டார் கேட்டால், அதிலும் நியாயம் இருக்கிறது. சில குழுக்கள் அறுவடையில் ஒரு பங்கை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிடுகின்றன. பூட்டைவிட இது நன்றாக வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

ஒதுக்கீட்டுத் தோட்டத்தில் இந்தச் சண்டை குறைவு. தொடக்கத்தில் ஆண்டுக்கு 57 வெள்ளி கட்டணத்தில் ஒரு பாத்தி கிடைத்தது. ஆனால், அதை மூன்று ஆண்டுகளுக்குத்தான் வைத்திருக்கலாம். காய்கறிக் கழிவையும் காய்ந்த இலையையும் போட்டுப் போட்டு மண்ணைப் பொன்னாக்கிய பிறகு, அந்தப் பாத்தியை வேறொருவரிடம் விட்டுச் செல்ல நேரலாம். இது கொடுமை என்று சிலர் சொல்வார்கள். காலவரம்பே இல்லையென்றால், வெளியே காத்திருப்பவருக்கு வாய்ப்பே வராது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். புதிதாக வருபவருக்குக் கிடைப்பது, முன்பு இருந்தவர் பக்குவப்படுத்திய மண். அதில் கங்கோங் விதைத்தால், ஒரு மாதத்திலேயே கீரை பறிக்கலாம்.