வெயிலைக் கணிக்கும் விதம்

ஒரு நாளில் ஓரிடத்து வந்திறங்கும் சூரிய சக்தியை நேரே அளக்கும் கருவி எல்லா ஊர்களிலும் இல்லை. ஆயினும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக் கூரைகளில் சூரியத் தகடுகளைப் பரப்ப முதலிடுவோர்க்கு அவ்வளவு முன்னரே தெரிதல் வேண்டும். கணக்குப் பிசகினால் கடன் தீரும் ஆண்டும் பிசகும். ஆகவே, வானிலை நிலையத்தார் நாடோறும் குறித்துவரும் பிற அளவுகளைக் கொண்டு அதனை அறியும் விதத்தை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

முதற்கண் வேண்டுவது, காற்று மண்டலமே இல்லையாயின் எவ்வளவு சக்தி விழும் என்பது. இதற்கு அட்சரேகையும் தேதியுமே போதும். ஏறக்குறைய 13 பாகை வடக்கிலுள்ள திருவள்ளூர்ப் பகுதிக்கு, மே மாத நடுவில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 38 மெகாஜூல். டிசம்பர் இறுதியில் 29. சமசீதோஷ்ண தேசத்து லண்டனிலோ, ஜூனில் 42 ஆகவும் டிசம்பரில் 7-க்குங் குறைவாகவும் அது மாறும். அங்கே பருவத்தை ஆள்வது சூரியனின் சாய்வு. இங்கே பெரும்பாலும் மேகமே.

அம்மேகத்தின் பங்கை அறியத்தான் சூத்திரங்கள் எழுந்தன. ஸ்வீடன் தேசத்து ஆங்ஸ்ட்ரம் என்பார் 1924-ல் வெயில் எரித்த மணிகளைக் கொண்டு ஒன்று வகுத்தார். பிரெஸ்காட் 1940-ல் அதனைத் திருத்தினார். கண்ணாடிக் கோளம் ஒன்று சூரிய கிரணங்களைக் குவித்து, அட்டையில் தீக்கோடு இழைக்கும். கோட்டின் நீளமே வெயில் மணி. மேயில் பகற்பொழுது 12.6 மணி, வெயில் 9 மணி எரிந்ததென்று கொள்வோம். உள்ளூர் மாறிலிகள் கிடையாவிடத்து வழங்கும் 0.25, 0.50 என்பவற்றை இட்டால் சுமார் 23 மெகாஜூல் கிடைக்கும்.

அட்டையும் இல்லாத ஊருக்கு, பகலின் உச்ச உஷ்ணத்திற்கும் இரவின் குறைந்த உஷ்ணத்திற்கும் உள்ள வித்தியாசமே துணை. தெளிந்த வானம் பகலைச் சுடுவிக்கும், இரவைக் குளிர்விக்கும். மேகம் இரண்டையும் தடுக்கும். ஹார்கிரீவ்ஸ், சமானி என்னும் இருவர் 1982-ல் வெளியிட்ட முறைப்படி, அவ்வித்தியாசத்தின் வர்க்கமூலத்தை ஒரு மாறிலியாற் பெருக்க, மேலிருந்து வந்த சக்தியில் தரையை எட்டிய பின்னம் கிட்டும். மாறிலி உள்நாட்டுக்கு 0.16, கடலோரத்துக்கு 0.19 என்று பிற்காலத்தார் வழங்குவர்.

நம் ஜில்லாவில் இடர் இங்கேதான். திருவள்ளூரில் வித்தியாசம் 10 பாகையாயின் பின்னம் 0.51. பழவேற்காட்டருகே கடற்காற்றால் அது 7 பாகையாகக் குறுகினும், 0.19-ஐ இட்டால் 0.50, வெயில் ஏறக்குறைய ஒன்றே. உள்நாட்டு மாறிலியை இட்டாலோ 0.42-தான் வரும்; ஆறில் ஒரு பங்கு வெயில் காகிதத்திலேயே மறைந்துபோம்! கடலுக்கு மிக அண்மையதுமன்றிச் சேயதுமன்றி இடைப்பட்ட கும்மிடிப்பூண்டிக்கு எதனை இடுவது? இரண்டையும் இட்டுப் பார்த்து, குறைந்ததை நம்பி முதலிடுவதே தக்கதென்பது நம் கருத்து.

இரும்பாலைகளின் புகையை இச்சூத்திரங்கள் நேரே கணக்கிற் கொள்வதில்லை. மெல்லிய புகைப்படலத்தூடும் அட்டை எரியவே செய்யும். சக்தி மட்டும் குறையும். ஓராண்டேனும் கூரைமேல் அளவுகருவி ஒன்றை நிறுத்தி மாறிலியைத் திருத்திக்கொண்டாலன்றி, அக்குறைவு கணக்கில் ஏறாது.