கரண்டும் கணக்கும் - 9: காரையில் கிடைக்கும் வெள்ளைக் கல்

கதிர்வீச்சை அளக்கும் அலகான கிரே என்றால் என்ன, புற்றுநோய்ச் சிகிச்சையில் நாளுக்கு 2 கிரே வீதம் ஏன் வாரக்கணக்கில் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்பதைப் போன வாரமே பார்த்தாயிற்று. இந்த வாரம் கதிரை அளக்க உதவும் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் பெரம்பலூர்ப் பக்கத்துக் காரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சாத்தனூர் கல்மரம் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே காரைக்கும் போய்ப் பாருங்கள். ஒரு காலத்தில் கடலடியாக இருந்த களிமண், ஓடை ஓடையாக அரிபட்டுக் கிடக்கும். அதற்குள் வெள்ளை நரம்புகளாக ஓடுவது ஜிப்சம். கடலைக்கு மண் அணைக்கும்போது போடுவதும், அரியலூர் சிமெண்ட் ஆலைகளில் கிளிங்கரோடு அரைப்பதும் இதே ஜிப்சம்தான். வேதியியல் கணக்கில் அது நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட்.

அந்த நீரை எடுத்துவிட்டு, டிஸ்புரோசியம் என்ற அரிய உலோகத்தைத் துளியளவு சேர்த்தால் கிடைக்கும் தூய படிகம் எங்கே இருக்கிறது தெரியுமா? ‘கரண்ட் வைக்கும்’ (கதிர்வீச்சுச் சிகிச்சை தரும்) அறையில் வேலை செய்கிறவரின் சட்டையில் தொங்கும், கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜில்! கதிர் பட்டதும் எலக்ட்ரான்கள் படிகத்தின் பழுதுகளில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கின்றன. சுமார் 300 டிகிரிக்குச் சூடேற்றினால் விடுபட்டு ஒளி உமிழ்கின்றன. ஒளியை அளந்தால் பட்ட கதிரின் அளவு தெரிந்துவிடும். சுட்ட பானை ஓட்டின் வயதைக் கணிப்பதும் இதே இயற்பியல்தான்.

பேட்ஜ் பணியாளருக்கு. நோயாளிக்குப் போகும் அளவை யார் சரிபார்ப்பது? இதே குணமுள்ள பொடியைச் சிறு குப்பியில் அடைத்து, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் மருத்துவமனைகளுக்குத் தபாலில் அனுப்புகிறது. 1976 முதல் நடக்கும் ஏற்பாடு இது. மருத்துவமனை இயற்பியலாளர் குப்பியைத் தண்ணீருக்குள் வைத்து, தம் கணக்குப்படி 2 கிரே கொடுத்துத் திருப்பி அனுப்புவார். மும்பையில் அந்தப் பொடியைச் சூடேற்றிப் பார்ப்பார்கள். வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

வெளியாள் எதற்கு? 2 கிரே உடம்பின் சூட்டை ஒரு டிகிரியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் ஏற்றும். கூடினாலும் குறைந்தாலும் படுத்திருப்பவருக்குத் தெரியாது. சிகிச்சை மெஷினில் கதிர் தரும் கோபால்ட்டின் வீரியம் மாதம் 1 சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். அமெரிக்காவின் கொலம்பஸ் நகர மருத்துவமனை ஒன்றில் இந்தக் குறைவைக் காட்டும் தேய்வுக் கோட்டைத் தப்பாக வரைந்துவிட்டார்கள். 1974 முதல் 1976 வரை 22 மாதம் யாரும் கருவி வைத்து அளக்கவில்லை. 426 பேருக்குக் கூடுதல் கதிர் போய்விட்டது. 1988-இல் இங்கிலாந்தின் எக்ஸீட்டரில் புதிய கோபால்ட்டைத் தப்பாக அளந்ததில் 207 பேருக்கு 25 சதவீதம் கூடுதல். வெளியிலிருந்து வந்து அளந்தபோதுதான் அது அகப்பட்டது.

பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் சிகிச்சைக்காக விடிகாலை பஸ் பிடித்துப் போகிறவர்களுக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு: “இந்த மெஷினை வெளியாள் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள்?” அந்தத் தேதியை அறை வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பேன்.

தண்ணீர்த் தொட்டி அடுத்த வாரம். தொட்டியில் வைக்கும் கதிர் அளவிக்குள் இருக்கும் காற்று 20 டிகிரிக்குப் பதில் 28 டிகிரியில் இருந்தால் அது அளவை 2.7 சதவீதம் குறைத்துக் காட்டும். நம் ஊர் வெக்கையில் அதை எப்படி ஈடுகட்டுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.