லைபோசக்‌ஷன் அறுவைச் சிகிச்சை: எல்லையோர மக்கள் கையெழுத்திடும் முன் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: உடலின் சில பகுதிகளில் தேங்கியுள்ள கொழுப்பை உறிஞ்சி அகற்றும் ‘லைபோசக்‌ஷன்’ அறுவைச் சிகிச்சை எளிதானது, மறுநாளே வீடு திரும்பலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், அதன் கடுமையான பின்விளைவுகளில் பலவும் நோயாளி வீடு திரும்பிய பிறகே தெரியவருகின்றன. கேரள எல்லையில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார மக்களுக்கு வடக்கே திருவனந்தபுரமும், தெற்கே களியக்காவிளையைக் கடந்தால் நாகர்கோவிலும் சிகிச்சைக்குச் செல்லும் தொலைவில் உள்ளன. இரண்டும் வெவ்வேறு மாநிலங்கள் என்பதால் மருத்துவமனைகளுக்கான சட்டமும் புகார் அளிக்கும் அலுவலகமும் மாறுபடுகின்றன.

கழக்கூட்டம் சம்பவம்

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் 2025 பிப்ரவரியில், தனியார் அழகியல் சிகிச்சை மையம் ஒன்றில் 31 வயது பெண் மென்பொருள் பொறியாளருக்கு வயிற்றுக் கொழுப்பை அகற்றும் சிகிச்சை அளிக்கப்பட்டது. மறுநாள் வீடு திரும்பிய அவரது உடல்நிலை வேகமாக மோசமடைந்தது. வேறு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மூன்று வாரங்களுக்கும் மேலாக செயற்கைச் சுவாசக் கருவியின் உதவியுடன் சிகிச்சை பெற்றார். ரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டதால் அவரது கை, கால்களில் 9 விரல்கள் அகற்றப்பட்டன. குடும்பத்தினரின் புகாரைத் தொடர்ந்து, 2025 மே மாதத்தில் அந்த மையத்தின் பதிவை சுகாதாரத் துறை ரத்து செய்தது.

இதற்கு முன்பு, 2022 மே மாதம் பெங்களூருவில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கச் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தார். அவருக்கு வயது 21.

எடை குறைப்புச் சிகிச்சை அல்ல

லைபோசக்‌ஷன் என்பது உடல் எடையைக் குறைப்பதற்கான சிகிச்சை அல்ல. உணவுக் கட்டுப்பாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் கட்டுப்படாமல் வயிறு, தொடை, இடுப்பு, மேற்கை போன்ற இடங்களில் தங்கிவிடும் கொழுப்பை அகற்றி, உடலின் வடிவத்தைச் சீராக்குவதே அதன் நோக்கம். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை மட்டுமே இதன் மூலம் எடுக்க முடியும். குடலையும் கல்லீரலையும் சூழ்ந்திருக்கும் கொழுப்பை எடுக்க இயலாது. எனவே, சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ இதனைத் தீர்வாகக் கருதக் கூடாது. மகப்பேற்றுக்குப் பின் தளர்ந்து தொங்கும் வயிற்றுத் தோலும் இதனால் சரியாகாது. அதற்குத் தனி அறுவைச் சிகிச்சை தேவை.

இரைப்பையைச் சுருக்கி எடையைக் குறைக்கும் ‘பேரியாட்ரிக்’ அறுவைச் சிகிச்சை முற்றிலும் வேறானது. இரண்டையும் ஒன்றெனக் கருதி மருத்துவரை அணுகுவோர், தமக்கு எது பரிந்துரைக்கப்படுகிறது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

எவ்வாறு செய்யப்படுகிறது?

மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் மருந்தும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் மருந்தும் கலந்த உப்புநீர் முதலில் கொழுப்புப் படலத்துக்குள் செலுத்தப்படுகிறது. பின்னர் தோலில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாயைச் செலுத்தி கொழுப்பு உறிஞ்சப்படுகிறது. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளெய்ன் 1980-களில் உருவாக்கிய இந்த முறை, ரத்த இழப்பைப் பெருமளவு குறைத்தது.

எனினும், லிடோகெய்ன் உடனடியாக முழுவதும் ரத்தத்தில் கலப்பதில்லை. அதன் அளவு ரத்தத்தில் உச்சத்தை எட்ட 10 மணி நேரத்துக்கும் மேலாகலாம். உடல் எடைக்கு ஏற்ற வரம்பை மீறிச் செலுத்தப்பட்டால், நோயாளி வீட்டில் உறங்கும் வேளையில்கூட நச்சு விளைவு தோன்றக்கூடும். ரத்தக் குழாயில் புகும் கொழுப்புத் துகள்கள் நுரையீரலைப் பாதிக்கும் நிலை பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வெளிப்படும். கிருமித் தொற்று அதன் பின்னரும், கால் நரம்பில் உறையும் ரத்தக் கட்டி நுரையீரலை அடைப்பது சில வாரங்கள் வரையிலும் நேரலாம். குழாய் தவறான ஆழத்துக்குச் சென்றால் குடலில் துளை விழும் அபாயமும் உண்டு.

ஒரே அமர்வில் 5 லிட்டர் அல்லது அதற்கு மேல் உறிஞ்சி எடுப்பது ‘பெரிய அளவு’ எனக் கருதப்படுகிறது. இத்தகைய சிகிச்சை, உரிய வசதிகள் கொண்ட மருத்துவமனையில் நடைபெற வேண்டும். நோயாளி இரவு முழுவதும் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அறுவைச் சிகிச்சை செய்பவர் யார் என்பதே முதல் கேள்வி. பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சையில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியப் பட்டம் பெற்றவரா என்பதை அறிய வேண்டும். அவரது பெயரும் பதிவு எண்ணும் மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் உள்ளனவா என்பதைச் சரிபார்க்கலாம். மயக்க மருந்து நிபுணர் சிகிச்சை முடியும் வரை உடனிருப்பாரா, தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உள்ளதா, இல்லையெனில் எந்த மருத்துவமனைக்கு மாற்றுவார்கள், இரவில் அழைத்தால் பதிலளிக்கும் மருத்துவர் யார் என்பனவும் முன்கூட்டியே கேட்க வேண்டியவை.

கேரளத்தில் 2018-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படியும், தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் சட்டப்படியும் மருத்துவ நிலையங்கள் பதிவு பெற வேண்டும். பதிவுச் சான்றிதழ் எந்த வகைச் சிகிச்சைக்கு வழங்கப்பட்டுள்ளது என்பதையும் கவனிக்க வேண்டும்.

நீரிழிவு, இதய நோய், முன்பு ரத்தம் உறைந்த வரலாறு, ஆஸ்பிரின் உள்ளிட்ட மருந்துகள், நாட்டு மருந்துகள், புகைப்பழக்கம் ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மருந்துகளைத் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்தானது.

ஒப்புதல் படிவத்தின் மொழி

1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நீடித்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் இன்றும் இங்கு வாழ்கின்றனர். மலையாளம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர்கள், ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ உள்ள படிவத்தில் பொருள் அறியாமல் கையெழுத்திடக் கூடாது. சிகிச்சையின் தன்மை, அபாயங்கள், மாற்று வழிகள் ஆகியவற்றை நோயாளிக்குப் போதிய அளவில் விளக்கிய பின் பெறப்படுவதே செல்லத்தக்க ஒப்புதல் என உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவுபடுத்தியுள்ளது. தமிழில் விளக்குமாறு கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அழகுக்காகச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பொருந்தாது. பின்விளைவுகளுக்கான சிகிச்சையையும் காப்பீடு ஏற்குமா என்பதை நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

வீடு திரும்பிய பின்

வீக்கம், வலி, தோலில் கருஞ்சிவப்புத் தழும்பு ஆகியவை சில நாள்களுக்கு இயல்பானவை. இறுக்கமான உடையைச் சில வாரங்கள் அணிய நேரிடும். இறுதி வடிவம் தெரிய மாதங்கள் ஆகலாம்.

ஆனால் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, தலைசுற்றல், மனக் குழப்பம், சிறுநீர் குறைதல், கடும் காய்ச்சல், தாங்க முடியாத வயிற்று வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், விரல்கள் குளிர்ந்து நிறம் மாறுதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வீட்டில் ஓய்வெடுத்தோ கஞ்சி குடித்தோ காத்திருக்கக் கூடாது. சிகிச்சை அளித்த மையம் திறக்கும் வரை பொறுப்பதும் தவறு. இரு மாநிலங்களிலும் 108 ஆம்புலன்ஸ் சேவை உள்ளது. பாறசாலை தாலுகா மருத்துவமனை, நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனை ஆகியவற்றில் முதலுதவி பெற்று, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். எல்லைக்குத் தெற்கே ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. என்ன சிகிச்சை, எப்போது, எவ்வளவு கொழுப்பு எடுக்கப்பட்டது என்ற விவரங்கள் அடங்கிய சீட்டு கையில் இருந்தால், அங்குள்ள மருத்துவர்களின் நேரம் மிச்சமாகும்.

புகார் அளிப்பது எங்கே?

மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி. மையத்தின் மீதான புகாரை கேரளத்தில் மாவட்ட மருத்துவ அலுவலரிடமும், தமிழ்நாட்டில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும் அளிக்கலாம். மருத்துவர் மீதான புகார் அந்தந்த மாநில மருத்துவக் கவுன்சிலுக்குச் செல்ல வேண்டும்.

இழப்பீடு கோருவோர், எல்லை தாண்டி அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நாகர்கோவிலில் சிகிச்சை பெற்ற பாறசாலைவாசி, திருவனந்தபுரம் ஆணையத்தை அணுக முடியும். இதற்கான கால வரம்பு இரண்டு ஆண்டுகள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.