அதிரும் கையுறையும் அதன் செலவும்



பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை விழுந்துவிடுவதை எல்லாரும் காண்கிறோம். பலருக்கு அதோடு தொடு உணர்வும் போய்விடுவது வெளியே தெரிவதில்லை. டம்ளர் கையில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் அறிகிறார்கள். நாளடைவில் விரல்களும் இறுகி மடங்கிக்கொள்கின்றன.

இந்த உணர்வை மீட்க ஒரு கையுறை உண்டு என்று கேள்விப்பட்டு, அதைப்பற்றிச் சிலர் எங்களிடம் விசாரிக்கிறார்கள். அமெரிக்காவில் கெய்ட்லின் சைம் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அதை உருவாக்கினார்கள். செல்போனை அதிரச் செய்வது போன்ற சிறு மோட்டார்கள் அதில் உள்ளன. அவை அதிரும்போது விரல்களின் உணர்வு நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கையை அசைக்க இயலாதவரும் இப்பயிற்சியைப் பெறலாம்.

2021-ல் வெளியான அவர்களது ஆய்வில், வாதம் வந்து நெடுநாளான 16 பேர், தினம் 3 மணி நேரமாக 8 வாரங்கள் கையுறை அணிந்தார்கள். சிலருக்குக் கொடுத்தது அதிராத கையுறை. அதிரும் கையுறை அணிந்தவர்களுக்குத் தொடு உணர்வு கூடியது. சிலருக்கு விரல் இறுக்கமும் தளர்ந்தது. ஆனால் 16 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இது நம்பிக்கை தரும் தொடக்கம். முடிந்த தீர்ப்பு அல்ல.

இனி செலவைப் பார்ப்போம். 8 வாரங்களில் 168 மணி நேரம் ஆகிறது. அத்தனை நேரமும் ஒரு பிசியோதெரபிஸ்ட் அருகில் இருக்க வேண்டுமானால் எந்தக் குடும்பம் தாங்கும்? அந்த நேரத்தைக் கையுறை மிச்சப்படுத்தும். ஆனாலும் மடங்கிய விரல்களைப் பிரித்து அதை மாட்டிவிட ஒருவர் வேண்டும். உணர்வு திரும்பினால், சோறு பிசையவும் பொத்தான் போடவும் பழக்க ஒருவர் வேண்டும். பெரும்பாலும் அவர் மனைவி அல்லது மகள். அவர் இழக்கும் கூலி எந்த பில்லிலும் வருவதில்லை.

வீட்டாருக்கே பயிற்சியைக் கற்றுக்கொடுத்தால் போதாதா? இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2017-ல் லான்செட் இதழில் வெளியானது. 6 மாதங்களுக்குப்பின், வீட்டார் பயிற்சி அளித்தவர்களிலும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிலும் ஒரே அளவாக, 47 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள் அல்லது பிறரைச் சார்ந்து வாழ்ந்தார்கள். வீட்டாரின் அன்பு குறைவு என்பதல்ல இதன் பொருள். சிகிச்சையாளரின் பாரத்தை அவர்கள் தோளுக்கு மாற்றிவிட்டால் மட்டும் காரியம் முடிவதில்லை.

ஆகவே இத்தகைய கருவியைப் பற்றிக் கேள்விப்படும்போது, விலை என்ன என்பதோடு நிறுத்தாமல், தினமும் மாட்டிவிடுவது யார், அவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும், கற்றறிந்த சிகிச்சையாளர் எத்தனை நாள் வந்து பார்ப்பார் என்றும் கேட்கும்படி வேண்டுகிறோம்.