சர்டிபிகேட்டில் வராத சங்கதி

கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி ஒன்றில் ஆள் எடுப்பது என் வேலை. லேத் ஓட்டத் தெரியுமா என்பதை அரை மணியில் பார்த்துவிடலாம். குணம்தான் லேசில் பிடிபடாது. சூப்பர்வைசர் வேலைக்கு வருபவரிடம் ஒன்று கேட்பேன்: “ரிஜெக்ட் ஆன பீஸை அனுப்பச் சொல்லி மேனேஜரே சொன்னா?” சட்டென்று “மாட்டேன் சார்” என்பவரைவிட, யோசித்து, யாரிடம் எப்படிச் சொல்வேன் என்று விவரிப்பவரையே நம்புவேன்.

பதவி உயர உயர ஆபத்தும் பெருசு. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவராக இருந்த ராமலிங்க ராஜுவின் திறமையில் யாருக்குச் சந்தேகம்? நல்ல நிர்வாகத்துக்கென்றே 2008-இல் விருது வாங்கிய (பிற்பாடு பறித்துக்கொண்டார்கள்) நிறுவனம் அது. 2009 ஜனவரி 7 அன்று அவரே எழுதிக்கொடுத்தார்: கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. எனக்கென்னவோ, கொஞ்சம் மந்தமானவராக இருந்திருந்தால் முதல் வருஷமே மாட்டியிருப்பார்.