பெட்டிக்குள் உறங்கும் வீதிகள்

சேத்தியாத்தோப்பு நாற்சந்தியில் சற்று நேரம் நின்று பாருங்கள். விருத்தாசலத்திலிருந்து ஒரு சாலை, வடலூரிலிருந்து ஒரு சாலை, கும்பகோணத்திலிருந்து ஒரு சாலை. நான்காவது சாலை புவனகிரி வழியே சிதம்பரம் செல்கிறது. 1929ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய நாள்தொட்டு, இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தச் சாலை வழியே கல்வி தேடிச் சென்றுள்ளனர். உங்கள் தந்தையாரும் அவர்களுள் ஒருவராக இருக்கலாம். அவர் மாணவராக நடந்த வீதி அன்று எப்படி இருந்தது? பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படமேனும் நம் வீட்டில் உண்டா?

அன்பு வாசகர்களே! இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தேடுவோரே பழைய பட அஞ்சலட்டைகளைச் சேகரிப்பவர்கள். சேகரிப்பு என்றதும் அஞ்சல்தலையும் நாணயமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அஞ்சல்தலை அரசின் வரலாற்றைச் சொல்லும். பட அஞ்சலட்டையோ தெருவின் வரலாற்றையும், அதில் நடந்த மனிதரின் வரலாற்றையும் சேர்த்தே சொல்லும்.

கால் அணா அட்டை

உலகின் முதல் அஞ்சலட்டை 1869 அக்டோபர் முதல் நாள் ஆஸ்திரியாவில் வெளியாயிற்று. நம் நாட்டில் 1879 ஜூலை முதல் நாள் கால் அணா அட்டை வந்தது. அவற்றில் படம் ஏதும் இல்லை. தனியார் அச்சிட்ட பட அட்டைகளை 1894இல் பிரிட்டன் அனுமதித்தது. பின்னர் இத்தொழில் எங்கும் பரவியது. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனமும் நகரக் காட்சிகளை அட்டைகளாக வெளியிட்டது.

பல்கலைக்கழக ஊர்களின் வீதிப் படங்களை மட்டுமே தேடிச் சேர்ப்போரும் உண்டு. ஏன் தெரியுமா? கல்வி நாடித் தொலைவிலிருந்து வந்தவர்கள், தாம் வாழும் தெருவைக் காட்டும் அட்டையில் நாலு வரி எழுதி வீட்டிற்கு அனுப்பினர்.

அல்லாமா இக்பால் 1905இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1907இல் ஜெர்மன் மொழி கற்க ஹைடல்பர்க் நகரில் தங்கினார். அங்கே நெக்கர் ஆற்றங்கரையின் ஒரு பகுதி இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. 1907ஆம் ஆண்டின் முத்திரை விழுந்த ஹைடல்பர்க் அட்டை ஒன்று கிடைத்தால், அக்கவிஞர் கண்ட வீதியையே நாமும் காண்கிறோம் அன்றோ!

நம் வீட்டு ரங்கூன்

அத்தகைய அட்டைக்கு ஹைடல்பர்க் வரை போக வேண்டியதில்லை. நம் சபுராளிகள் பிழைக்கச் சென்ற ரங்கூனும் ஒரு பல்கலைக்கழக நகரமே. அங்கே 1920இல் பல்கலைக்கழகம் தோன்றியது. அந்நகரில் ஒளிப்பட நிலையம் நடத்திய டி.ஏ. அஹூஜா என்பவர், பர்மாவின் வீதிகளையும் மக்களையும் படமெடுத்து, ஜெர்மனியில் வண்ணத்தில் அச்சிட்டு வெளியிட்டார். கடைக்கணக்கு எழுதிய கையாலேயே அத்தகைய அட்டைகளில் நலம் விசாரித்து எழுதியவர்கள் நம் பாட்டனார்கள்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்த சில மாதங்களில் இலட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவைவிட்டு வெளியேறினர். கால்நடையாகவே மலை கடந்தவர்கள் பலர். வழியில் மாண்டவர்களும் பலர். கடையும் சரக்கும் கணக்குப் புத்தகமும் அங்கேயே நின்றுவிட்டன. தெருப்பெயர்களும் மாறின; அன்றைய மொகல் தெரு இன்று ஷ்வேபோந்தா தெரு. அதற்கு முன்பே தபாலில் ஊர் வந்து சேர்ந்த ஓர் அட்டை மட்டுமே ஒரு குடும்பத்தின் ரங்கூன் வாழ்வுக்குச் சான்றாக மிஞ்சியிருக்கக்கூடும். அதைப் பழைய பேப்பர்க்காரரின் தராசில் போடலாமா?

பார்ப்பதும் காப்பதும்

அட்டையின் முன்புறம் பார்த்தபின் பின்புறத்தையும் பாருங்கள். முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு உள்ளதா? பிரிட்டனில் அக்கோடு 1902இல் வந்தது. பிற நாடுகள் அடுத்த சில ஆண்டுகளில் பின்பற்றின. கோடில்லா அட்டை பெரும்பாலும் அதற்கு முந்தியது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் நுண்புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப் படம். தெரியாவிட்டால் அசல் ஒளிப்படமாக இருக்கலாம். அஞ்சல் முத்திரை ஊரையும் நாளையும் சொல்லும்.

அஞ்சல்தலையை நீராவியில் உரிக்காதீர்கள். முத்திரையோடு சாட்சியமும் போய்விடும். பசை நாடா ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் வேண்டாம். வெயிலும் ஈரமும் படாமல், அமிலம் நீக்கிய தாளுறையில் வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்நாளில் மக்களை, சிறப்பாகக் கீழைநாட்டு மக்களை, வேடிக்கைப் பொருளாக நிறுத்தி எடுத்த படங்களும் அட்டைகளாக விற்கப்பட்டன. படத்தில் உள்ளதெல்லாம் உண்மையென்று எண்ணிவிட வேண்டாம். பின்புறத்தில் இருப்பதோ ஒருவர் தம் வீட்டாருக்கு எழுதிய சொல். அதுவும் ஓர் அமானிதமே. பிறர் குடும்பத்தின் கடனும் கண்ணீரும் அதில் இருந்தால் ஊரறியக் காட்டாதீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமை பிற்பகல், பரண்மேல் கிடக்கும் டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்குங்கள். வீட்டின் முதியவரை அருகில் அமர்த்தி, ஒவ்வோர் அட்டையாகக் கையில் கொடுத்துக் கேளுங்கள்: எழுதியவர் யார்? இது எந்தத் தெரு? அவர் அங்கே என்ன செய்தார்? சொல்வதைத் தனித்தாளில் எழுதி அட்டையோடு வையுங்கள். அட்டை இன்னும் நூறாண்டு இருக்கக்கூடும். அதைப் பற்றிச் சொல்ல வல்லவர் அவ்வளவு காலம் நம்மோடு இருக்கமாட்டார்.