திராட்சை மொட்டு எப்போது விழிக்கும்?

2021-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கம். பிரான்சு நாட்டின் திராட்சைத் தோட்டங்களில் விடிய விடிய நெருப்பு எரிந்தது. கொடி வரிசைகளுக்கு நடுவே உழவர்கள் பெரிய மெழுகு விளக்குகளை ஏற்றிவைத்துக் காற்றைச் சூடாக்க முயன்றனர். ஆயினும் பல இடங்களில் இளந்தளிர்கள் கருகிப் போயின. மார்ச் இறுதியில் வழக்கத்துக்கு மாறாக அடித்த வெயிலில் மொட்டுகள் முன்னதாகவே விரிந்துவிட்டன. பின்னால் வந்த உறைபனியை அவற்றால் தாங்க முடியவில்லை.

இத்தனைக்கும், உறங்கும் திராட்சை மொட்டு நடுக்குளிர்காலத்தில் மைனஸ் 15 டிகிரி செல்சியஸையும் தாங்க வல்லது. அப்போது மொட்டினுள் இருக்கும் நீர், உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் பனிக்கட்டியாக மாறாமல் நீர்மமாகவே நிற்கும். இதனை இயற்பியலில் மீக்குளிர்வு என்கிறோம். விரிந்த தளிருக்கு இத்திறன் இல்லை. மைனஸ் 2 அல்லது 3 டிகிரியிலேயே அது மடிந்துவிடும். எனவே எப்போது விழிப்பது என்பது மொட்டுக்கு உயிர் பற்றிய கேள்வி. அதனை முடிவு செய்வதில் பெரும்பங்கு, மிகச் சிறிய அளவில் சுரக்கும் ஹார்மோன்களுக்கு உண்டு.

மூன்று தடைகள்

கோடையில் இலைக்காம்பின் கோணத்தில் மொட்டு உருவாகிறது. அடுத்த ஆண்டின் தண்டு, இலை, பூங்கொத்து ஆகியவற்றின் தொடக்க வடிவங்கள் அதற்குள் அடங்கியுள்ளன. ஆனால் அது உடனே விரிவதில்லை. தடை எங்கிருந்து வருகிறது என்பதைக் கொண்டு, அமெரிக்க அறிவியலார் லாங் என்பவரும் அவருடைய குழுவினரும் 1987-இல் மொட்டுகளின் உறக்கத்தை மூன்றாக வகுத்தனர்.

முதல் தடை செடியின் வேறோர் உறுப்பிலிருந்து வருவது. துளசியின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் ஹார்மோன் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. 1930-களில் திமான், ஸ்கூக் என்ற இருவர் அவரை இனச் செடி ஒன்றின் நுனியை வெட்டி, வெட்டிய இடத்தில் ஆக்சினைத் தடவினர். நுனி இல்லாதபோதும் பக்க மொட்டுகள் அடங்கியே கிடந்தன!

இரண்டாவது தடை மொட்டுக்குள்ளேயே இருக்கிறது. இலையுதிர் காலத்தில் பகல் குறுகி, குளிர் தொடங்கும். அப்போது நுனியை வெட்டினாலும், கொடியை வெதுவெதுப்பான அறையில் வைத்தாலும் மொட்டு எளிதில் விரியாது. மொட்டுக்குள் அப்சிசிக் அமிலம் பெருகியிருப்பதே இதற்கு ஒரு முக்கியக் காரணம். 1960-களில் அமெரிக்காவில் அடிகாட் குழுவினர் பருத்திக் காய் உதிர்வதை ஆராய்ந்தனர். பிரிட்டனில் வேரிங் குழுவினர் மர மொட்டுகளின் உறக்கத்தை ஆராய்ந்தனர். இருவரும் தேடிப் பிடித்தது ஒரே பொருள்தான் என்று 1965-இல் தெரிய வந்தது!

இந்தப் பூட்டைத் திறக்கும் சாவி வெப்பமன்று, குளிரே. ஏறக்குறைய 0 முதல் 7 டிகிரி வரையிலான குளிரில் மொட்டு நூற்றுக்கணக்கான மணி நேரம் இருக்க வேண்டும். அதற்குள் அப்சிசிக் அமிலம் படிப்படியாகக் குறைகிறது. இந்த அமிலத்தைச் சிதைக்கும் நொதி, உறக்கம் கலையும்போது திராட்சை மொட்டில் மிகுதியாவதை 2015-இல் வெளியான இஸ்ரேல் நாட்டு ஆய்வு காட்டியது. வெளியிலிருந்து அப்சிசிக் அமிலத்தைக் கொடுத்தால் விழிப்பு தாமதமாயிற்று.

மூன்றாவது தடை வெளியே நிலவும் குளிர். உள்பூட்டு திறந்த பிறகு மொட்டு வெதுவெதுப்புக்காக மட்டுமே காத்திருக்கும். 2021 மார்ச்சில் பிரான்சு நாட்டு மொட்டுகள் இந்த நிலையில்தான் இருந்தன. வெயில் வந்தது, விழித்துவிட்டன. மறுபடியும் உறைபனி வரும் என்று அறிய அவற்றுக்கு வழியில்லை.

ஹார்மோன் தெளித்து விழிப்பைத் தள்ளிப்போட முடியாதா? விதைகளை முளைக்கத் தூண்டும் ஜிப்பரெல்லின், திராட்சை மொட்டின் உறக்கத்தை நீட்டிக்கிறது என்று கலிபோர்னியாவின் வீவர் 1959-இலேயே எழுதினார். ஒரே ஹார்மோன் ஓரிடத்தில் எழுப்புகிறது. மற்றோரிடத்தில் உறங்க வைக்கிறது. ஆனால் ஜிப்பரெல்லின் மிகுந்தால், பூங்கொத்தாக வேண்டிய உறுப்பு வெறும் பற்றுக்கம்பியாகிவிடும். உறைபனிக்குத் தப்பியும் விளைச்சல் இல்லையென்றால் என்ன பயன்?

குளிரே இல்லாத ஊரில்

நம் கம்பம் பள்ளத்தாக்கில் அத்தகைய குளிர்காலம் இல்லை. அங்கே பந்தலில் படரும் பன்னீர் திராட்சைக் கொடி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போவதில்லை. உழவர் கவாத்து செய்கிறார். நுனியோடு ஆக்சின் தடையும் நீங்கி, எஞ்சிய மொட்டுகள் விரிகின்றன. இதனால் ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை கிடைக்கிறது. மொட்டுகள் ஒருசேர விரியாத வெப்பப் பகுதிகளில் ஹைட்ரஜன் சயனமைடு என்னும் மருந்தையும் பூசுவார்கள். அது நச்சுப் பொருள். கையுறையின்றித் தொடக் கூடாது.

குளிர்நாடுகளில் குளிர்காலம் வெதுவெதுப்பானால் இரு வகையில் தீங்கு நேரும். குளிர் போதாவிட்டால் மொட்டுகள் முன்னும் பின்னுமாக விரியும். குளிர் போதிய அளவு கிடைத்து, வெயில் முந்திக்கொண்டால் உறைபனிக்கு இரையாகும். ஆகவே, புவி வெப்பமானால் பனியால் வரும் சேதம் தானாகக் குறைந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள்.

செய்து பாருங்கள்: ஒரே அளவுள்ள இரண்டு துளசிச் செடிகளில் ஒன்றின் நுனியை மட்டும் கிள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டிலும் புதிய கிளைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆக்சினின் வேலை அந்த எண்ணிக்கையில் தெரியும்.